கண்கொத்திப் பாம்பு: பெயரும் உண்மையும்

ஒருவரை விடாமல் கண்காணிப்பதை, ‘கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறான்’ என்று கூறுவோம். தமிழ்ப்பள்ளியில் நான் கற்ற இத்தொடருக்குரிய பாம்பின் உறவினம் ஒன்று சிங்கப்பூரிலும் வாழ்கிறது. புக்கிட் தீமா, மெக்ரிச்சி காடுகளில் மட்டுமல்லாமல் பூங்காப் புதர்களிலும் அதனைக் காணலாம்.

தமிழ்நாட்டில் பச்சைப்பாம்பு என்றும் இதனை அழைப்பர். இங்குள்ள இனத்தின் அறிவியல் பெயர் ‘அஹெட்டுல்லா பிரசினா’. ‘அஹெட்டுல்லா’ என்பது சிங்களச் சொல். கண்ணைக் கொத்துவது என்பதே அதற்கும் பொருள். 1807-ஆம் ஆண்டு அது அறிவியல் பெயராகவும் ஆகிவிட்டது. ஆனால், இப்பாம்பு உண்மையில் கண்ணைக் கொத்துமா?

ஏறத்தாழ 2 மீட்டர்வரை வளரும் இப்பாம்பின் உடல் கொடிபோல் மெலிந்தது. கிளையில் அசையாமல் கிடக்கும். காற்றடித்தால் இலைகளோடு தானும் ஆடும். பகலில் பல்லி, ஓணான், தவளை, சிறு பறவை ஆகியவற்றை வேட்டையாடும். முட்டையிடாமல் குட்டி போடும் என்பது குறிப்பிடத்தக்கது.

இதன் தனிச்சிறப்பு கண்களே. பெரும்பாலான பாம்புகளின் கண்மணி வட்டமாகவோ செங்குத்தாகவோ இருக்கும். இதற்கோ சாவித்துவாரம் போலக் கிடைமட்டமாக இருக்கும். கண்ணிலிருந்து மூக்குநுனிவரை ஒரு பள்ளம் ஓடுகிறது. அதன் வழியாக இரு கண்களும் முன்னே நோக்குவதால், இரை இருக்கும் தூரத்தை அதனால் துல்லியமாகக் கணிக்க முடிகிறது. எனவே, கவனிப்பதற்கு இப்பாம்பை உவமையாக்கியது மிகப் பொருத்தமே.

பெயர்தான் பொருந்தவில்லை. மிரண்டால் இது கழுத்தை உப்பவைத்து, வாயைத் திறந்து மிரட்டும். மேலும் நெருங்கினால் கடிக்கும். புதரில் நம் முக உயரத்தில் இருப்பதால், எட்டிப் பார்ப்பவரின் முகத்தை நோக்கியே அது பாயக்கூடும். கண்ணைக் கொத்தும் என்ற அச்சம் இதிலிருந்து பிறந்திருக்கலாம் என்பது என் கருத்து. இதன் பின்பற்களில் உள்ள மென்மையான நஞ்சு பல்லியை அடக்கும்; மனிதரைக் கொல்லாது.

இருந்தும் அப்பெயர் தரும் அச்சத்தால், கண்டதும் கம்பைத் தேடுவோர் உண்டு. சிங்கப்பூரில் அனுமதியின்றி வனவிலங்கைக் கொல்வதும் பிடிப்பதும் சட்டப்படி குற்றமாகும். பூங்காவில் கண்டால் சற்று விலகி நின்று பார்த்தாலே போதும். அது தன் வழியே போய்விடும். வீட்டிற்குள் வந்துவிட்டால் தேசியப் பூங்காக் கழகத்தை அழைக்கலாம்.

முன்னோர் தந்த தொடர்களைப் போற்றும் நாம், அவற்றிலுள்ள உயிர்களையும் அறிந்து காக்க வேண்டும். பாம்பு மறைந்தபின் உவமை மட்டும் ஏட்டில் எஞ்சியிருந்து பயனில்லை.