தட்டிப் பார்த்து ஓட்டும் வண்டி

முதலமடை ரயில் நிலையம் ஆலமரங்களுக்குப் பேர் போனது. பல சினிமாப் படங்களில் வந்த இடம். பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதையில் இருக்கிறது. இந்தப் பாதை 1932இல் திறக்கப்பட்டது. அன்று தண்டவாளங்களின் இடைவெளி ஒரு மீட்டர்தான். கரி எஞ்சின் புகை விட்டபடி ஓடியது. பாதையை அகலமாக்க 2008இல் வண்டிகள் நின்றன. 2015இல் மறுபடியும் ஓடின. கரி எஞ்சின் அதற்கு முன்பே போய்விட்டது.

அதே ஒரு மீட்டர் பாதையில் நீராவி எஞ்சின் இன்னும் ஓடுகிறது. எங்கே? நீலகிரி மலையில். பொள்ளாச்சி, கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையம் போனால் அந்த வண்டியில் ஏறலாம். குன்னூர் வரையான பாதை 1899இல் திறக்கப்பட்டது. 1908இல் ஊட்டியை எட்டியது.

கல்லாறுக்கு மேல் செங்குத்தான ஏற்றம். 12 அடி போனால் ஓர் அடி உயரம் ஏற வேண்டும். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை உண்டு. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. ஒரே நீராவி இரண்டு முறை வேலை செய்கிறது. முதலில் சாதாரணச் சக்கரத்தைச் சுற்றுகிறது. பிறகு பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. சிக்கனமான ஏற்பாடுதான்!

குன்னூரில் இந்த எஞ்சின்களுக்கான கொட்டகை இருக்கிறது. பெரிய பழுது என்றால் திருச்சி பொன்மலைப் பணிமனைக்குப் போகும். நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனைதான் 1928இல் பொன்மலைக்கு வந்தது. இங்கெல்லாம் நினைத்தவுடன் நுழைய முடியாது. முன்பே அனுமதி பெற வேண்டும். கூட வரும் ஊழியர் காட்டும் வழியில்தான் நடக்க வேண்டும். சூடான குழாய், எண்ணெய் வழுக்கும் தரை, தலைக்கு மேல் கிரேன். செருப்பு போதாது, ஷூ வேண்டும்.

அங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியது கொதிகலன். நெருப்புப் பெட்டியின் மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் இரும்பு பழுத்துவிடும். கொதிகலன் வெடித்தால் அருகில் இருப்பவர் பிழைப்பது அரிது. அதற்காக ஈயம் வைத்த அடைப்பு ஒன்று உண்டு. சூடு மிஞ்சினால் ஈயம் உருகும். அந்த வழியாக நீராவி பாய்ந்து நெருப்பைத் தணிக்கும்.

சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம் அல்லவா? பணிமனைத் தொழிலாளியும் கொதிகலனின் இரும்புத் தாங்கிகளைச் சுத்தியலால் தட்டுகிறார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். விரிசல் விழுந்தது மந்தமாக ஒலிக்கும். இதைப் படிப்பால் மட்டும் கற்க முடியாது. பழகிய காது வேண்டும்.

பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை. இன்று அங்கிருந்து பாகங்கள் கிடைக்காது. பொன்மலைத் தொழிலாளிகள் தாங்களே பாகங்களைச் செய்தார்கள். பிறகு எண்ணெயில் எரியும் புது எஞ்சின்களையே செய்தார்கள். 2021இல் கரியில் எரியும் எஞ்சின் ஒன்றும் அங்கிருந்து மலைக்குப் போனது.

அனுமதி கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. குன்னூர் நிலையத்தில் நீராவி எஞ்சினைக் கழற்றி, டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். நடைமேடையில் நின்றே அதைப் பார்க்கலாம்.