விறகுக்கு எந்த அரிவாள்?

கேள்வி: தோட்டத்துக் கிளைகளைக் கழிக்கவும் அடுப்பு விறகை வெட்டிப் பிளக்கவும் ஓர் அரிவாள் வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: விறகை வெட்டுவது வேறு, பிளப்பது வேறு. வெட்டும்போது அலகு மரநாருக்குக் குறுக்கே இறங்குகிறது; ஒவ்வொரு நாரையும் அறுத்தாக வேண்டும். அதற்கு மெல்லிய, கூரிய வாய் வேண்டும். பிளக்கும்போது அலகு நார் ஓடும் திசையிலேயே போகிறது. கூர்மைக்கு அங்கே தொடக்கத்தில் மட்டுமே வேலை. அதன்பின் அலகின் பருமன்தான் ஆப்பாக நின்று இருபுறமும் தள்ளுகிறது. வெடிப்பு வாய்க்கு முன்னால் ஓடிவிடுகிறது. ஒல்லியான அலகு வெட்டில் நன்றாகப் பாயும், பிளப்பில் சிக்கிக்கொள்ளும். கனத்த முதுகுள்ளது நன்றாகப் பிளக்கும், ஆனால் புதர் கழிக்கப் போனால் சிறிது நேரத்திலேயே மணிக்கட்டு ஓய்ந்துவிடும். இரண்டையும் குறையில்லாமல் செய்யும் அரிவாள் கிடையாது. எந்த வேலை அதிகமோ அதன் பக்கம் சாய்ந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடையில் தொங்கும் எல்லாமே விறகுக்கு ஆகாது. கருக்கரிவாள் கதிர் அறுக்க. பாளை அரிவாள் பனையின் பாளையைச் சீவ. அதன் வாய் மிக மெல்லியது, காய்ந்த கட்டையில் பட்டால் பல் விழும். திருப்பாச்சேத்தி அரிவாள் என்றதும் சினிமா பார்த்தவர்களுக்கு நினைவு வருவது நீண்ட வீச்சரிவாள். விறகுக்கு அது வெறும் பாரம். தென் அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் புழங்கும் மச்செட்டி என்ற நீளக் கத்தியும் இப்போது இணையத்தில் கிடைக்கிறது. அதன் தகடு சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். புல், கொடி, கரும்பு, வாழை ஆகியவற்றுக்கு அருமையான கருவி. காய்ந்த கருவேலங்கட்டையில் போட்டால் எகிறித் திரும்பும். மலேசியத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்குப் பழக்கமான பாராங் கத்தி இதைவிடத் தடித்தது. நுனிப்பக்கம் கனம் கூடியிருப்பதால் மரத்துக்குப் பொருத்தம்.

வீட்டு விறகுக்கு ஏற்றது வெட்டரிவாள், கொங்குப் பக்கத்தில் கொடுவாள். அலகு ஓரடி நீளம் போதும். முதுகு 5 முதல் 6 மில்லிமீட்டர் இருந்து, வாயை நோக்கிச் சீராக மெலிந்து வர வேண்டும். முதுகிலிருந்து வாய்வரை ஒரே தடிப்பாக இருந்து, ஓரத்தில் மட்டும் சாணை பிடித்துக் கூர் ஏற்றியது மலிவு வேலை. அது வெட்டாது, மரத்தை நசுக்கும். வளைந்த மூக்கைப் பார்த்துப் பலர் அழகுக்கென்று நினைக்கிறார்கள். கிளையைக் கொக்கிபோல இழுப்பதற்கும், தரையோடு வெட்டும்போது வாய் மண்ணிலும் கல்லிலும் படாமல் காப்பதற்கும் உள்ள அமைப்பு அது. பிளப்பதற்கோ அதே மூக்குதான் இடைஞ்சல். காரணம் பின்னால் வருகிறது. பிளக்கும் வேலை அதிகமென்றால் மூக்கு குறைந்த, நேரான வெட்டுக்கத்தியே நல்லது.

கேள்வி: இரும்பு நல்லதா என்று எப்படி அறிவது?

பதில்: பட்டறைக்காரர்கள் விரும்பி எடுப்பது லாரியின் பழைய வில்பட்டை. அதில் கரிமம் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். காய்ச்சி அடித்துத் தோய்ச்சல் கொடுத்தால் கடினமாகும். அதே சமயம் அடியைத் தாங்கும். சாதாரணப் பட்டை இரும்பில் கரிமம் குறைவு. எத்தனை முறை தோய்த்தாலும் கடினமாகாது, கூர் ஒரு நாளில் மடங்கும். தோய்ச்சல் மிஞ்சினாலும் வம்புதான்: வாய் கண்ணாடிபோல் உடையும்.

சோதிக்க ஒரு சிறிய அரம் போதும். வாயோரமாக அரத்தை ஓட்டும்போது அது பிடிக்காமல் வழுக்கினால் கடினம் மிகுதி. தடையில்லாமல் ஆழமாகக் கடித்துத் தூள் கொட்டினால் தோய்ச்சலே இல்லை. கொஞ்சம் எதிர்ப்புக் காட்டி, பிறகு மெல்லக் கடித்தால் அதுவே அளவு. பிடியைத் தளர்வாகப் பிடித்து அலகைச் சுண்டிப் பார்ப்பதும் நல்லது. கணீரென்று ஒலித்தால் சரி, மொத்தென்று ஒலித்தால் எங்கோ கீறலோ பிடியில் ஆட்டமோ இருக்கிறது.

பிடியில்தான் வாங்குபவர் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார். உருண்டைப் பிடி அடியின்போது கைக்குள் சுழலும். முட்டை வடிவம் நிற்கும். கடைசியில் சற்றுப் புடைத்திருந்தால் வியர்த்த கையிலிருந்து நழுவாது. மரப்பிடிக்குள் செல்லும் வால் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும், பிடியின் வாயில் பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். பூண் ஆடினால், விலை எவ்வளவு குறைவானாலும் வாங்கக் கூடாது; வீச்சில் அலகு கழன்று பறக்கும்.

கேள்வி: அரிவாளால் பிளப்பது எப்படி?

பதில்: ஓங்கி அடித்து அல்ல. விறகைச் செங்குத்தாக ஒரு கட்டையின் மேல் நிறுத்தி, அலகை அதன் தலையில் வைத்து, கொட்டாப்புளியாலோ கனத்த கட்டையாலோ முதுகில் தட்ட வேண்டும். அலகு உள்ளே இறங்கியதும், விறகைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கும் நுனிப்பகுதியில் தட்டித்தான் மேலும் இறக்க முடியும். வளைந்த மூக்குள்ள அரிவாளில் அந்த இடம் சரிந்திருப்பதால் அடி வழுக்கும். மூக்கு இடைஞ்சல் என்றது இதனால்தான். இரும்புச் சுத்தியலால் முதுகில் அடித்தால் முதுகு பிதுங்கும், நாளடைவில் விரிசலும் விடும்.

மரத்தின் குணமும் பார்க்க வேண்டும். சவுக்கு நேராகப் பிளக்கும். சீமைக்கருவேலம் பச்சையாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். காய்ந்தால் கோணலும் கடினமும் சேர்ந்து கையைச் சோதிக்கும். புளிய மரத்தின் நார் ஒன்றோடொன்று பின்னியது. கறிக்கடைக்காரர்கள் அதைக் கொத்துக்கட்டையாக வைத்திருப்பதே அது பிளவுபடாது என்பதால்தான்; அரிவாளோடு அதனிடம் போவது வீண். கணுவுள்ள துண்டு எந்த மரமானாலும் கணுவை விட்டு ஓரமாகப் பிளக்க வேண்டும்.

குறுக்கே வெட்டும்போது நேர் செங்குத்தாகப் போடக் கூடாது. ஒரு சாய்வில் ஒன்று, எதிர்ச் சாய்வில் ஒன்று என்று மாற்றிப் போட்டால் சில்லு தெறித்து வெட்டு அகலும். மணிக்கட்டுப் பருமன்வரை அரிவாள் வேலை; அதைத் தாண்டிய பருமனுக்கு ரம்பமும் கோடாலியும் ஆப்பும்தான்.

கேள்வி: கூர் மங்கினால்?

பதில்: அரத்தால் தீட்டி, தீட்டுக்கல்லில் முடிப்பது போதும். மின்சாணையில் அழுத்திப் பிடித்தால் வாயில் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் தோய்ச்சல் இறங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் இனி கூர் நிற்காது. மழைக்காலத்தில் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வைத்தால் துரு ஏறாது.

கேள்வி: வாங்க அனுமதி வேண்டுமா?

பதில்: ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர்க்கருவிகளைக் குறிப்பிடுகின்றன; வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. 2021இல் தமிழகக் காவல்துறை, அரிவாள் செய்யும் பட்டறைகளும் விற்கும் கடைகளும் வாங்குபவரின் விவரத்தைக் குறித்து வைக்கும்படி அறிவுறுத்தியது. பெயரும் முகவரியும் கேட்டால் தயங்காமல் கொடுத்துவிட்டு, சாக்கில் சுற்றி நேரே வீட்டுக்குக் கொண்டுவருவதே முறை.