எச்சரிக்கைக்கு ஒரு பொதுமொழி

கேள்வி: வெவ்வேறு நிறுவனங்களின் ஊடுருவல் கண்டறியும் மென்பொருள்கள் தம் எச்சரிக்கைகளை எவ்வாறு பரிமாறிக்கொள்கின்றன?

பதில்: ஒவ்வொன்றும் தன் தன் பாஷையில் அலறினால், கண்காணிப்பு நிலையத்தில் அமர்ந்திருப்பவருக்கு நேரும் சங்கடத்தை நிவர்த்திக்கும் பொருட்டு, இணையப் பொறியியல் பணிக்குழு 2007-ல் ஆர்.எஃப்.சி. 4765 என்ற ஆவணத்தின் வாயிலாக ஐ.டி.எம்.இ.எஃப். என்னும் பொது வடிவத்தைப் பிரசுரித்தது. கண்டது எந்தக் கருவி, கண்ட காலம் எது, தாக்குதல் எங்கிருந்து எதன்மீது வந்தது என்பனவெல்லாம் அதில் எக்ஸ்.எம்.எல். குறிகளுக்குள் தனித்தனி ஸ்தானம் பெறுகின்றன. ஆபத்து ஏதுமில்லாத வேளையிலும் குறித்த இடைவெளியில் ‘ஹார்ட்பீட்’ என்ற செய்தியை அனுப்பவும், அது நின்றுபோனால் கருவிக்கோ இணைப்புக்கோ பழுது நேர்ந்ததென்று நிலையம் அறியவும் செய்த ஏற்பாடு மிகவும் மெச்சத்தக்கது. பரிசோதனை ஆவணமாக வெளிவந்த இது சர்வசம்மதமான நியமமாகிவிடவில்லை. ஆகவே, இத்தகைய மென்பொருளை வாங்குமுன் அது எந்த வடிவத்தில் செய்தி அனுப்பும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.