தடுப்பூசிக்குப் பின் தோலில் கொப்புளம்: எதற்கு அஞ்ச வேண்டும்?



ஊசி போட்ட பிள்ளைக்குத் தடிப்பு வந்ததும் அடுத்த ஊசியையே நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. தீர விசாரிக்காமல் செய்தியை நம்பலாகாது என்று மதரஸாவில் படித்தவர்கள் நாம். இதையும் விசாரித்து அறிவோம்.

ஊசி போட்ட இடம் சிவந்து வீங்குவது சாதாரணம். தட்டம்மை ஊசிக்குப் பின் ஒரு வாரம், பத்து நாளில் லேசான தடிப்பு தோன்றித் தானே மறையும். ஊசி போட்ட சிறிது நேரத்திலேயே உடம்பெங்கும் தடித்து மூச்சு திணறினால் அது கடும் ஒவ்வாமை. அதற்காகத்தான் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள்.

மிக அரிதானது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய். 1922இல் இரு சிறுவர்களிடம் இதைக் கண்டு எழுதிய இரண்டு அமெரிக்க மருத்துவர்களின் பெயர் இது. காய்ச்சலோடு கண் சிவக்கும், வாய் புண்ணாகும், தோல் வலித்து, கொப்புளித்து, உரியும். உடம்பில் 30 சதவீதத்துக்கு மேல் தோல் உரிந்தால் உயிருக்கே ஆபத்து. கண்பார்வையும் பாதிக்கப்படலாம்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் மருந்துகளே. வலிப்புக்கான கார்பமஸெபின், ஃபெனிடாயின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், சல்ஃபா மாத்திரைகள் முக்கியமானவை. பிள்ளைகளுக்கு மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியாலும் வரும். தடுப்பூசிக்குப் பின் வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவானவை மிகச் சிலவே. மருந்தின் விளைவு பொதுவாக 4 முதல் 28 நாள் கழித்தே தெரியும். இரண்டு வாரம் முன் தொடங்கிய மாத்திரையை மறந்துவிட்டு, நேற்றுப் போட்ட ஊசியைக் குறை சொல்ல நேரலாம்.

ஆகவே, ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால் வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். கொப்புளமும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வந்தால் மஞ்சள், பச்சிலை பூசிக் காத்திராமல் 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்த மாதம் பிள்ளை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் தடுப்பூசி அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். ஊசி போட்ட சுகாதார நிலையத்துக்கும் தெரிவியுங்கள். அவர்கள் அதை விசாரணைக்கு அனுப்ப வேண்டும்.

பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அடுத்த ஊசி போடலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அதைக் காரணம் காட்டி மற்றப் பிள்ளைகளின் ஊசியை நிறுத்த வேண்டாம். தட்டம்மையும் தொண்டை அடைப்பானும் இன்றும் உயிரைப் பறிக்கும் நோய்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.