4ஜி கைபேசியும் குரல் அழைப்பும்

‘4ஜி’ என்று பொறித்த கைபேசியை வாங்கிய பின்னும் பேச இயலவில்லையே என்று அங்கத்தினர் சிலர் வருந்துவதுண்டு. இதன் காரணத்தை ஆராய்வோம்.

2ஜி, 3ஜி முறைகளில் பேச்சுக்கெனத் தனி வழி உண்டு. 4ஜியோ தகவல்களைச் சிறு சிறு பொட்டலங்களாக அனுப்புவதற்கென்றே அமைந்தது. குரலையும் அவ்வாறே அனுப்பும் முறைக்கு ‘வோல்ட்டி’ என்று பெயர். இம்முறை இல்லாத கருவி, அழைப்பு வந்தவுடன் 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கிப் பேசும். அவை இல்லாவிடில் ஊமையாகிவிடும். 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோவின் சேவை 4ஜியாக மட்டுமே இருந்தமையால், வோல்ட்டி இல்லாத 4ஜி கருவியுடையோர் தனிச் செயலியின் துணையை நாட வேண்டியதாயிற்று.

கருவியில் வோல்ட்டி இருந்தால் மட்டும் போதாது. நாம் சேர்ந்துள்ள நிறுவனத்தின் வலையமைப்புக்கு ஏற்ற மென்பொருளும் அதில் இருத்தல் வேண்டும். அமைப்புப் பக்கத்தில் அவ்வசதி இயக்கப்பட்டும் இருத்தல் வேண்டும். ஆகவே, கடலூரிலோ சிதம்பரத்திலோ கைபேசி வாங்குவோர், தம் சிம் அட்டையைக் கடையிலேயே இட்டுப் பேசிப் பார்ப்பார்களாக. பேசும்போது 4ஜி குறி மறைந்து 2ஜி குறி தோன்றின், வோல்ட்டி இயங்கவில்லை என்றறிக.

2011 டிசம்பர் 30இல் தானே புயலைக் கண்ட நம் மாவட்டத்தார்க்கு, வேளையில் வரும் ஓர் அழைப்பின் அருமையை நாம் எடுத்துரைக்கவும் வேண்டுமோ?