மனதிலே பூட்டி வைத்த கவிதை



யுத்தம், புரட்சி என்றால் சரித்திரப் புத்தகத்தில் தலைவர்கள் பெயரும் படைகளின் கணக்கும்தான் இருக்கும். வீட்டில் இருந்த பெண்கள் பட்ட பாடு அதில் வராது. அதைக் கவிதையில்தான் தேட வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு கவிதையைப் பற்றி இம்முறை படிப்போம்.

எழுதியவர் யார்?

அன்னா அக்மதோவா. 1889ல் பிறந்த ரஷ்யக் கவிஞர். 1917ல் ரஷ்யாவில் புரட்சி நடந்தது. 1921ல் இவருடைய மகனின் தகப்பனைப் புதிய அரசு சுட்டுக் கொன்றது. 1938ல் மாணவனாக இருந்த மகன் லேவையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஜெயில் வாசலில்

லெனின்கிராட் நகரத்து ஜெயில் வாசலில் 17 மாதம் இவர் வரிசையில் நின்றார். முன்னும் பின்னும் தாய்மார், மனைவிமார், அக்கா தங்கச்சிமார். கொட்டும் பனியில் கையில் ஒரு பார்சலோடு நிற்பார்கள். ஜன்னலில் பார்சலை வாங்கிக்கொண்டால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று ஒரு ஆறுதல். வாங்காவிட்டால் வேறிடம் கொண்டுபோனார்களா, உயிரே இல்லையா என்று தெரியாமல் திரும்ப வேண்டும்.

அந்த வரிசையில் நின்ற ஒரு பெண், இதையெல்லாம் எழுத முடியுமா என்று காதோடு கேட்டாள். முடியும் என்றார் அக்மதோவா. அப்படிப் பிறந்ததுதான் 'ரெக்வியம்'. இறந்தவர்களுக்கான இரங்கற்பா என்று பொருள்.

எப்படிக் காப்பாற்றினார்கள்?

இந்தக் கவிதை கையில் அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து. லிதியா சுகோவ்ஸ்கயா என்ற தோழி வீட்டுக்கு வருவார். அவருடைய கணவனும் அப்போது சுடப்பட்டவர்தான். யாராவது ஒட்டுக்கேட்கக் கூடும் என்று பயந்து, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று அக்மதோவா சத்தமாகக் கேட்பார். கேட்டுக்கொண்டே துண்டுக் கடதாசியில் சில வரிகளை எழுதி நீட்டுவார். தோழி வாசித்து மனப்பாடம் பண்ணுவார். உடனே கடதாசியை எரித்துவிடுவார்கள். இப்படிச் சில நண்பர்களின் நினைவிலேயே பல வருஷம் அந்தக் கவிதை உயிரோடு இருந்தது. 1963ல் ஜெர்மனியில் அச்சானது. 1966ல் அக்மதோவா காலமானார். சொந்த நாட்டில் 1987ல்தான் வெளிவந்தது.

மகன் என்ன ஆனான்? 1949ல் மறுபடியும் பிடிபட்டு, 1956ல் விடுதலையானார்.

நாம் படிக்க வேண்டியது

எனக்குச் சிலை வைப்பதென்றால் அந்த ஜெயிலுக்கு முன்னாலேயே வையுங்கள் என்று அக்மதோவா அந்தக் கவிதையிலேயே கேட்டிருந்தார். 2006ல் ஜெயிலுக்கு எதிரே, ஆற்றின் அக்கரையில் சிலை வைத்தார்கள். அது கூட நின்ற அத்தனை தாய்மாருக்கும் சேர்த்து வைத்த சிலை என்றே நினைக்கிறேன். காணாமற்போன மகனைத் தேடி வாசல் வாசலாய் நிற்கிற தாய்மார் நம் நாட்டிலும் உண்டு.

எழுத்து தெரியாத நம் பாட்டிமாரும் பாட்டை மனதில்தானே வைத்திருந்தார்கள்? கடதாசியை எரிக்கலாம். மனதில் இருப்பதை யார் எரிப்பது? ஆனால் பாட்டி போனால் பாட்டும் போகும். அதற்கு முன் கேட்டு எழுதி வையுங்கள்.

மாதர் சங்கக் கூட்டத்தில் பேச:

1. கவிதையை ஏன் எழுதி வைக்காமல் மனப்பாடம் பண்ணினார்கள்?
2. பார்சலை வாங்காவிட்டால் அந்தத் தாய் என்ன நினைத்திருப்பாள்?
3. உங்கள் லயத்தில் யாருக்குப் பழைய பாட்டு தெரியும்? பிள்ளைகளைக் கொண்டு ஒன்றையாவது எழுத வையுங்கள்.