பேச்சு வராத பேரன்

கேள்வி: பேரனுக்கு இரண்டரை வயது. 'அம்மா', 'தா' தவிரப் பேச்சில்லை. 'ஆம்பளைப் பையன், மெதுவாத்தான் பேசுவான்' என்கிறார்கள். காத்திருக்கலாமா?
– ஒரு பாட்டி, சிங்காநல்லூர்

பதில்: காத்திருக்க வேண்டாம், அம்மா. இரண்டு வயதிலேயே 'பால் தா' என்று இரு சொல் சேர்ந்து வரவேண்டும். மருத்துவரிடம் காட்டினால் முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பார்கள். நாக்கில் வசம்பு தேய்க்காதீர்கள். அதனால் பேச்சு வராது.

பேச்சுப் பயிற்சி விளையாட்டாகவே நடக்கும். பேச்சுப் பயிற்சியாளர் சோப்புக் குமிழ் ஊதிக் காட்டி, டப்பாவை இறுக மூடிக் குழந்தை கையில் கொடுத்துக் காத்திருப்பார். அவன் நிமிர்ந்து பார்த்தாலோ, கை நீட்டினாலோ, 'ஊ' என்றாலோ உடனே 'ஊது' என்று சொல்லி ஊதுவார். கேட்டால் கிடைக்கும் என்பது அங்கேதான் பிடிபடும். வீட்டிலும் தினமும் இதையே செய்யுங்கள், செல்போனைக் கொடுக்காதீர்கள்.

கோவை அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. இந்த வாரமே கூட்டிப் போங்கள்.